அடகுக்குப் போகாத நகை: மலையகத்தில் கையால் அணிகலன் செய்ய விரும்புவோருக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் நகை என்றால் தங்கம்தான். அந்தத் தங்கத்தின் பாதி வாழ்க்கை அடகுக் கடையில் கழிகிறது. பிள்ளையின் பாடசாலைச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, தீபாவளி முற்பணம் போதாமற்போன ஆண்டு, மழையால் வேலை நாட்கள் குறைந்த மாதம் என ஒவ்வொரு நெருக்கடிக்கும் காதிலிருந்தோ கழுத்திலிருந்தோ ஒன்று கழன்று ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ பதுளைக்கோ போகிறது. சில மீண்டு வருகின்றன. சில ஏலத்தில் போய்விடுகின்றன. தங்கத்தின் மீது இதில் குற்றமில்லை, குடும்பத்தைக் காப்பதற்கென்றே அது சேர்க்கப்பட்டது. ஆனாலும், அம்மாயி அணிந்திருந்தது இது என்று பேத்தி எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றுமே மிஞ்சாத வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு.

விதை, மரத்துண்டு, நூல், செம்பு ஆகியவற்றைக் கொண்டு கையாற் செய்த அணிகலனின் பெறுமதி இந்த இடத்தில்தான் தெரிகிறது. அதை எவரும் அடகு பிடிக்கமாட்டார்கள். ஆகவே அது வீட்டைவிட்டுப் போகாது. சந்தை விலை அதற்கு இல்லாதபடியால், அதைப் பத்திரமாக வைத்திருப்பதற்கான காரணத்தை வடிவமைப்பவரே அதனுள் வைத்தாக வேண்டும். அந்தக் காரணத்தை எங்கே தேடுவது, அதை எப்படி ஒரு வடிவமாக்குவது, எந்தப் பொருளால் செய்வது என்பவற்றை, மணி கோர்க்கவும் கம்பி வளைக்கவும் ஓரளவு பழகியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வேண்டுதலில் தொடங்குங்கள்

பென்சிலை எடுப்பதற்கு முன் அணியப் போகிறவரோடு உட்கார்ந்து கதையுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், யாருக்காக வேண்டிக்கொள்கிறார், கைகளால் என்ன வேலை செய்கிறார், வீட்டில் எந்த நகையை இழந்ததற்காக இன்னும் வருந்துகிறார் என்பவற்றைக் கேளுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் மகளுக்காகத் தாய் கேட்கும் மாலையும், பரீட்சை எழுதப் போகும் தம்பிக்காக அக்கா கேட்கும் கைக்கயிறும் ஒரே விதைகளால் செய்யப்பட்டாலும் ஒரே வடிவில் அமைய முடியாது. கேட்டவற்றையெல்லாம் சுருக்கி, “போன பிள்ளை சுகமாகத் திரும்பி வர வேண்டும்” என்பதைப் போல ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண், நிறம், முடிச்சு, பதக்கம் என்று பின்னால் வரும் ஒவ்வொரு தெரிவையும் அந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனோடு சேராதது எவ்வளவு அழகாக இருந்தாலும் விலக்கப்பட வேண்டும்.

ஒரு நகைக்கு ஒரு வேண்டுதல் போதும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஓம், வேல், தாமரை, சூலம், யானைமுகம் எல்லாவற்றையும் ஒரே பதக்கத்தில் நிறைத்தால் கண் எதிலும் நிற்பதில்லை, மனமும் நிற்பதில்லை.

உள்ளே இருப்பதை முதலில் தீர்மானியுங்கள்

நம் கதைகளில் நகை எப்போது பேசுகிறது என்று பாருங்கள். கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் வெளிப்பார்வைக்கு வேறுபடவில்லை. ஒன்றின் உள்ளே மாணிக்கப் பரல் இருந்தது, மற்றதன் உள்ளே முத்துப் பரல் இருந்தது, உடைத்த பின்னரே உண்மை வெளிவந்தது. அந்தக் கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள். கண்டி எசல பெரஹெராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களுள் பத்தினி தேவாலயமும் ஒன்று. சிலம்பே அத்தெய்வத்தின் சின்னம்.

நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் வீதியில், ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குச் சற்று முன்னால், சீதா எலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. அசோகவனம் அவ்விடத்தில்தான் இருந்தது என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. அனுமன் கொண்டுவந்து கொடுத்த கணையாழியும், சீதை தன் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பிய சூடாமணியும் வழியில் வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் வெறும் பொன்னும் மணியுமாகவே இருந்திருக்கும். உரிய இருவருக்கு மட்டும் அவை கடிதங்களாக இருந்தன.

ஆகவே, வெளித்தோற்றத்தை வரைவதற்கு முன், அணிபவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நகையின் உள்ளே வைப்பதற்கு இடம் ஒதுக்குங்கள். தாயத்துக் குழல் போன்ற சிறு செம்புக் குழலுக்குள் கோயிலில் தந்த திருநீற்றில் ஒரு சிட்டிகையை வைத்துத் தேன்மெழுகால் மூடலாம். பெயர் எழுதிய தாளைச் சுருட்டி வைப்பதானால் பென்சிலால் எழுதுங்கள், ஏனெனில் வியர்வை பட்டால் பேனா மை கரைந்துவிடும். பதக்கத்தின் முதுகுப்புறத்தில் ஓர் எழுத்தைக் கீறலாம். மாலையின் பின்கழுத்துப் பகுதியில், கூந்தலுக்குள் மறையும் இடத்தில், மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஒரே ஒரு மணியைச் சேர்க்கலாம். இவற்றில் எதுவும் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வெளியே தெரியாது. அதுவே அதன் சிறப்பு.

பார்க்கப் பழகுதல்

புதிய வடிவங்களுக்காகப் படப் புத்தகங்களையும் கைத்தொலைபேசியையும் புரட்டுவதற்கு முன், தோட்டத்திலும் கோயிலிலும் உள்ளவற்றை நிதானமாகப் பாருங்கள். மாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கும்போது மஞ்சள் தடவிய கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டுகிறோம். அந்தக் கயிறு கையில் இருக்கும்வரை விரதமும் ஒழுக்கமும் கட்டாயம். உடலில் அணிந்த ஒன்று மனிதரின் நடத்தையை மாற்ற வல்லது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. அதே கோயிலில், நோய் தீர்ந்தவர்கள் காணிக்கையாகச் செலுத்தும் வெள்ளிக் கண்மலர்களைக் கவனியுங்கள். மெல்லிய தகட்டில் இரண்டே வளைகோடுகளும் ஒரு புள்ளியுமாகக் கண் முழுமையாகிவிடுகிறது. வேண்டுதல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைச் சொல்வதற்குக் கோடுகள் மிகக் குறைவாகவே போதும் என்பதைப் புதிதாக வடிவமைக்க வருபவர்கள் அந்தத் தகடுகளிடமிருந்தே கற்க வேண்டும். கரகத்தின் மேல் ஒடுங்கி நடுவில் பருக்கும் உருவமும், வேப்பங்கொத்தில் இலைகள் இருபுறமும் வளைந்து இறங்கும் ஒழுங்கும் காதணிக்கு அப்படியே பொருந்துபவை. வேப்பிலையின் ஓரப் பற்களை எல்லாம் வெட்ட முயலாமல், அந்த வளைவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்து இன்னொரு பெரும் களஞ்சியம். மன்மதனின் கரும்பு வில், கிளி வாகனம், தாமரை, மா, அசோகு, முல்லை, நீலோற்பலம் ஆகிய ஐந்து மலர்க் கணைகள் ஒவ்வொன்றும் ஓர் அணிகலனாகக்கூடியவை. கூத்தர் அணியும் கிரீடத்திலும் தோளணியாகிய புஜகீர்த்தியிலும் கண்ணாடித் துண்டுகளையும் வண்ணத் தாள்களையும் அடுக்கியிருக்கும் முறையையும் அருகில் சென்று பாருங்கள். தொலைவிலிருந்து, தீப்பந்த வெளிச்சத்தில் பார்ப்பவருக்காக அமைக்கப்பட்ட வடிவங்கள் அவை என்பதால் அவற்றில் தேவையற்ற கோடு ஒன்றும் இராது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்தக் கூத்தில் காமன் எரிக்கப்படுகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள். கரும்பு வில்லைத் திருமணப் பரிசாகச் செய்து கொடுக்க நினைப்பவர்கள் அந்தக் குடும்பத்தார் கதையின் எந்தப் பகுதியை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

தோட்டத்துச் சாமிகளையும் விட்டுவிட வேண்டாம். தொழிற்சாலை இயந்திரத்தைக் காக்கும் ரோதமுனி, தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலைக்குக் காவலான கவ்வாத்துச் சாமி என்று, செய்யும் தொழிலையே தெய்வத்தோடு இணைத்த மக்கள் நாம். பல் வைத்த சக்கரமும் வளைந்த கவ்வாத்துக் கத்தியும் பக்திக்குரிய வடிவங்கள் ஆகலாம் என்பதை எந்தக் கடைப் பட்டியலும் நமக்குச் சொல்லித் தராது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமான வடிவம் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பொருட்களில் தேய்ந்துபோன ஒன்றுதான். ஆயினும், நாளெல்லாம் அதைக் கிள்ளிய கையுடையவருக்கு அது வெறும் அலங்காரமாக இருக்க முடியாது என்பதால், அதை அவர்களுக்காக மீட்டெடுப்பது முறையென்றே கருதுகிறேன்.

வந்த வழியும் ஒரு வடிவமாகலாம். நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 2023இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாக, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்த வழியே மீண்டும் நடந்தார்கள். நீண்ட வெறும் நூலில் தொடக்கத்தில் ஒரு மணியும் முடிவில் ஒரு மணியும், இடையில் வழியில் இறந்தவர்களுக்காக மணியில்லாத வெறும் முடிச்சுகளும் கொண்ட ஒரு மாலையைக் கற்பனை செய்து பாருங்கள். அதற்குப் பதக்கமே தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட தோட்டப் பெண்களின் நிழற்படங்களையும் தேடிப் பாருங்கள். மூக்கிலும் காதிலும் கழுத்திலும் அவர்கள் அணிந்திருந்தவற்றின் அடுக்கையும் எடையையும் கவனித்து, வீட்டில் மூத்தவர்களிடம் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டட்டி, பாம்படம், புல்லாக்கு, காறை, தண்டை என்னும் பெயர்கள் வாயில் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். உலோகத்தைத் தட்டி உருவாக்கும் முறையைப் பார்க்க விரும்புவோர், கண்டிக்கு அருகே நீலவலவிலும் நத்தரம்பொத்தை கலாபுரவிலும் பித்தளை, வெள்ளி வேலை செய்யும் சிங்களக் கைவினைஞர்களிடம் செல்லலாம். அவர்களுடைய கொடி வேலைப்பாட்டை அப்படியே நகலெடுப்பதைவிட, உளியைப் பிடிக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டு வருவது இரு சாராருக்கும் மரியாதை.

பார்த்ததை வரைந்து கொள்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எதிரில் வைத்துப் பெரிதாக வரையுங்கள். மறுநாள் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து உள்ளங்கை அளவில் வரையுங்கள். மூன்றாவதாக, நகையின் உண்மையான அளவாகிய இரண்டு சென்ரிமீற்றருக்குள் வரையுங்கள். மூன்றாவது படத்தில் எஞ்சியிருக்கும் கோடுகளே உங்கள் வடிவம்.

எல்லைகளும் உண்டு. தெய்வ உருவத்தையோ ஓங்காரத்தையோ கொலுசிலும் மெட்டியிலும் வைக்கக் கூடாது. தாலியின் வடிவம் குடும்ப மரபுக்கு உரியது. இரு வீட்டாரின் சம்மதமில்லாமல் அதைப் புதுமைப்படுத்த முனைய வேண்டாம்.

எண்ணும் முடிச்சும்

செபமாலையாகப் பயன்படும் எதற்கும் எண்ணிக்கையே எலும்பு. சைவ, வைணவ மரபுகளில் 108 மணிகளும் மேரு என்னும் ஒரு தலைமணியும் வழக்கம். அதன் பாதியான 54, காற்பங்கான 27 மணிகளைக் கொண்ட மாலைகளும் உண்டு. செபிக்கும்போது மேருவைத் தாண்டாமல் திரும்பிவர வேண்டும் என்பதால், விரல் தடவியதும் தெரியும்படி அது பருமனிலோ உருவத்திலோ வேறுபட்டிருக்க வேண்டும். கத்தோலிக்கருக்குச் செய்யும் செபமாலையில் 53 அருள்நிறை மணிகளும் 6 பரலோக மணிகளுமாக 59 வரும். முஸ்லிம்களின் தஸ்பீஹ் 33 அல்லது 99 மணிகள் கொண்டது. ஒரு மணி கூடினாலும் குறைந்தாலும் பயனற்றுப் போகும் பொருட்கள் இவை. கோர்த்த பின் இன்னொருவரைக் கொண்டும் எண்ணிப் பாருங்கள்.

நூலுக்கும் பொருள் உண்டு. டிசம்பர் பூரணையிலிருந்து மே பூரணைவரை சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் இந்திக்கட்டுப்பான என்னும் இடத்தில் ஊசியில் வெள்ளை நூல் கோர்த்துக் கட்டி, அதை நீட்டிக்கொண்டே மேலே போகும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். யாத்திரை செய்தவருக்காகச் செய்யும் மாலையில் அத்தகைய வெள்ளைப் பருத்தி நூலைச் சாயமிடாமல் வெளியே தெரியும்படி விடலாம்.

பொருட்களைத் தெரிவு செய்தல்

மலையகத்தில் எளிதில் கிடைப்பதும் பெரும்பாலும் அடுப்புக்கே போவதும் மிலாறுதான். தேயிலையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் இந்தக் குச்சிகள் கடினமும் நெருங்கிய இழையும் உடையவை. மெருகு நன்றாக ஏறும். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலையின் தொடர்ச்சியாக, பாட்டன் காலத்தில் நட்ட விதைத் தேயிலைச் செடிகள் இன்னும் நிற்கும் மலைகள் உண்டு. எந்தத் தோட்டம், எந்த மலை, எந்த மாதத்துக் கவ்வாத்து என்பதைக் குறித்துவைத்தால், அந்த மணிக்கு வரலாறு தானாகவே வந்துவிடுகிறது.

விதைகளில் மஞ்சாடி சிறந்தது. ஒரே சீரான எடைக்காகப் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பாவித்த விதை அது. தங்கமே இல்லாத நகையில் அதை வைப்பதில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது. கல்வாழையின் கருமையான உருண்டை விதை கடினமானது, விலையில்லாதது. குன்றிமணியைத் தவிர்த்துவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது. துளையிடும்போது பறக்கும் தூளும், துளையிட்ட விதையைக் குழந்தை வாயில் வைப்பதும் ஆபத்து. பழைய மாலைகளில் அது இருப்பதை நான் அறிவேன். புதிதாகச் செய்வதற்கு அது காரணமாகாது. உருத்திராட்சம் வாங்குவோர், தண்ணீரில் மூழ்கினால் நல்லது, மிதந்தால் போலி என்னும் சோதனையை நம்ப வேண்டாம். காய்ந்த நல்ல மணியும் மிதக்கும். முகக் கோடுகள் துளைக்குத் துளை இயல்பாக ஓடுகின்றனவா, செதுக்கியோ ஒட்டியோ இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பதே பயன் தரும். ஐந்து முகமே எளிதில் கிடைப்பது, விலையும் குறைவு.

சேகரிப்பதற்கும் ஒழுக்கம் வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அதுவும் சிவனொளிபாத வனமும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன. அங்கிருந்து ஒரு விதையும் எடுக்கக் கூடாது. பவளப்பாறை, ஆமையோடு, யானைத் தந்தம், யானைமுடி ஆகியவற்றை எவர் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஓர் உயிரைக் கொன்றோ வதைத்தோ பெற்ற பொருளில் எந்தப் பிரார்த்தனையும் தங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இரத்தினபுரி அருகில் இருப்பதால் கற்களைச் சேர்க்கும் ஆசை வரும். நீலம், புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம் யாவும் நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து என்று தொடங்கிக் கேதுவுக்கு வைடூரியம்வரை செல்லும் நவரத்தின மரபை அறிந்து வைத்திருங்கள். யாருக்கு எந்தக் கல் பொருந்தும் என்பதை மட்டும் அவர்கள் நம்பும் சோதிடரிடம் விட்டுவிடுங்கள்.

காதுக் கொக்கிக்கு 92.5 வெள்ளியையே பாவியுங்கள். மலிவான கலப்புலோகங்களில் உள்ள நிக்கல் பலருக்குச் சொறியையும் புண்ணையும் உண்டாக்கும்.

ஒரு மாலை, தொடக்கம் முதல் முடிவுவரை

இனி, வெளிநாடு போகும் மகளுக்காக 54 மிலாறு மணிகளும் செம்புக் கொழுந்துப் பதக்கமும் கொண்ட கழுத்து மாலையை எடுத்துக்கொள்வோம். கைச்சங்கிலியைத் தெரிவு செய்யாததற்குக் காரணம், வேலை செய்யும் கையில் தொங்கும் எதுவும் செடியிலும் பாத்திரத்திலும் மாட்டி அறும் என்பதே.

7 அல்லது 8 மில்லிமீற்றர் பருமனுள்ள நேரான குச்சிகளைக் கழுவி, பட்டையை உரித்து, நிழலில் ஒரு மாதமாவது உலரவிடுங்கள். நுவரெலியா, மஸ்கெலியா போன்ற ஈரப்பதமான இடங்களில் அடுப்புக்கு மேலே, புகை நேராகப் படாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் நெடுக வெடித்துவிடும். உலர்ந்ததும் மெல்லிய பல் வாளால் 6 மில்லிமீற்றர் நீளத் துண்டுகளாக வெட்டி, வெடிப்பவற்றுக்கு ஈடாகப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சிறு பிடிகருவியில் இறுக்கி, 1.2 மில்லிமீற்றர் துளையாணியால் நடுவே துளையுங்கள். பாதிவரை ஒரு முனையிலிருந்தும் மீதியை மறு முனையிலிருந்தும் துளைத்தால் ஓரம் பிளக்காது. முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். பிறகு 120, 240, 400 என்ற வரிசையில் அரத்தாளால் தேய்த்து, தேன்மெழுகைத் துணியில் எடுத்துச் சூடேறும்வரை உரசுங்கள். தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் சிக்கு வாடை வரும்.

பதக்கத்துக்கு 0.5 மில்லிமீற்றர் செம்புத் தகடு போதும். நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் இலையாக விரியும் ஒரே துண்டாக, ஒவ்வோர் இலையும் 22 மில்லிமீற்றர் நீளமும் 12 மில்லிமீற்றர் அகலமும் இருக்கும்படி வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். தகட்டை அடுப்புச் சுவாலையில் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மென்மையாகும். கறுப்பைப் புளியால் தேய்த்து நீக்குங்கள். மரக்கட்டையில் சிறு குழி செதுக்கி அதன்மேல் இலையை வைத்து மெதுவாகத் தட்டினால் உட்குவிவு கிடைக்கும். வெளிப்புறத்தில் இலை நரம்புகளைக் கீறுங்கள். உட்புறத்தில், தாய் சொன்ன ஓர் எழுத்தைக் கூரிய ஊசியால் கீறுங்கள். நடுவிலுள்ள ஒடுங்கிய பகுதியை 2 மில்லிமீற்றர் ஆணியைச் சுற்றி மடித்தால் இரு இலைகளும் எதிரெதிரே வந்து சேரும், மடிப்பில் நூல் நுழையும் காதும் அமையும். வீட்டருகே பொறுக்கிய ஒரு மஞ்சாடி விதையை உள்ளே வைத்து, ஓரங்களை மூன்று இடங்களில் குறட்டால் நெருக்கி மூடுங்கள். அசைத்தால் விதை மெல்ல ஒலிக்கும். எழுத்தோ எவர் கண்ணுக்கும் படாது. பழைய மின்கம்பியிலிருந்து செம்பு எடுப்பவர்கள் மேலுறையை எரிக்காமல் கத்தியால் உரித்தெடுக்க வேண்டும், எரியும் பிளாஸ்டிக்கின் புகை நஞ்சு.

கோர்ப்பதற்கு, 0.8 மில்லிமீற்றர் பருமனுள்ள மெழுகு பூசிய பருத்தி நூலில் ஒன்றரை மீற்றர் எடுங்கள். நடுவில் பதக்கத்தைச் செருகி, இரு பக்கமும் முடிச்சிடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று மணிக்கு ஒரு முடிச்சாக ஒன்பது கூட்டங்களைக் கோருங்கள். தாலிக்குப் போடும் மூன்று முடிச்சையும் நவராத்திரியின் ஒன்பது இரவுகளையும் தாய் இதில் எண்ணிக்கொள்வாள். கணக்கு இப்படி வரும்: ஒரு பக்கத்தில் 27 மணிகள் 16.2 சென்ரிமீற்றர், பத்து முடிச்சுகள் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். இரு பக்கமும் சேர்ந்து 36 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். பின்கழுத்தில் 9 சென்ரிமீற்றர் வெறும் நூலாக விட்டால் மாலை 46 சென்ரிமீற்றர் அளவில் முடியும். ஒரு மணியை உள்ளங்கையில் எடுத்து, முடிச்சு துளைக்குள் நழுவாமல் நிற்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேலை நேரத்து மனநிலை

ஒவ்வொரு முடிச்சுக்கும் தெய்வத்தின் பெயரையோ அணியப் போகிறவரின் பெயரையோ ஒருமுறை சொல்லுங்கள். இதனால் மாலைக்குச் சக்தி ஏறும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். பெயரைச் சொல்லி முடிக்கும் நேரம் கையை நிதானப்படுத்தும், முடிச்சுகள் ஒரே இறுக்கத்தில் விழும், செய்பவர் யாருக்காகச் செய்கிறார் என்பதை மறக்கமாட்டார் என்பவற்றை உறுதியாகச் சொல்லலாம். இடையில் பிள்ளை கூப்பிட்டால் மூன்று மணிகளையும் சேர்த்து முடிச்சிட்ட பின் எழுந்திருங்கள். கோபமும் அவசரமும் உள்ள நாளில் மணி தேய்க்கும் வேலையைச் செய்யலாம், கோர்க்கும் வேலையைத் தள்ளிவையுங்கள்.

முடிந்த மாலையை வீட்டுச் சாமி படத்தடியிலோ கோயிலில் அம்மன் பாதத்திலோ வைத்து எடுக்கலாம். பூசாரியிடம் தீர்த்தம் தெளித்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாலிலும் பன்னீரிலும் நனைந்தால் மரம் உப்பும், நூல் நாற்றமெடுக்கும்.

கொடுக்கும்போதும் அதன் பின்னரும்

விற்பதானால், எந்தப் பொருள், எந்த இடம், எந்த எண், ஏன் என்று சிறு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். நோய் தீரும், வேலை கிடைக்கும், கண்ணேறு கழியும் என்று எழுத வேண்டாம். துன்பத்தில் இருப்பவரின் நம்பிக்கையில் காசு பார்ப்பது பாவம். கல் சேர்த்திருந்தால், அது சூட்டால் நிறமேற்றப்பட்டதா என்பதை விற்றவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அணிபவர் உங்களிடம் சொன்ன வேண்டுதலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. விலையைப் பொறுத்தவரை, பொருளின் செலவோடு செலவான மணித்தியாலங்களுக்கும் நியாயமான கூலியைச் சேர்த்துச் சொல்லத் தயங்க வேண்டாம். குச்சியும் விதையும் இலவசமாகக் கிடைத்தவை என்பதால் உழைப்பும் இலவசமாகிவிடாது.

பருத்தி நூல் வியர்வையிலும் உராய்விலும் நைந்து போகும். மாலை அறுந்தால் அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு மனம் உடைகிறவர்கள் நம்மிடையே பலர். தூரதேசத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பயம் இன்னும் பெரிது. ஆகவே கொடுக்கும்போதே, நூல் தேயும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அறுவது இயல்பு என்று விளக்கிச் சொல்லுங்கள். ஒன்றரை மீற்றர் மாற்று நூலையும் இரண்டு உபரி மணிகளையும் சிறு துணிப்பையில் வைத்துக் கொடுத்து, மூன்று மணிக்கு ஒரு முடிச்சிடும் முறையை அவர் கையாலேயே ஒருமுறை செய்யவைத்து அனுப்புங்கள்.